சித்தப்பாவுக்கு ஒரு பாட்டுப் பெட்டி: ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபையர் வாங்குவோருக்கு

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் இருக்கும் சித்தப்பா ஒரு நாள் ஃபோன் செய்தார். “மக்கா, பாட்டு கேக்க ஒரு பெட்டி வாங்கணும். ஒண்ணே ஒண்ணு போதும். வயரு கெடந்து கால்ல தட்டப்படாது. உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, பாத்துச் சொல்லு.”

சித்தப்பா சவூதியில் இருபது வருடம் இருந்தவர். தொண்ணூறுகளில் அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கயிறு சுற்றி, திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து டாக்சியில் அவர் கொண்டுவந்த மூன்றடுக்கு செட் இன்னும் முன்னறையில் இருக்கிறது. கேசட் டெக் ஓடிப் பல காலம் ஆகிறது. சிடி தட்டு வெளியே வந்தால் உள்ளே போகாது. இரண்டு பக்கமும் நிற்கும் ஸ்பீக்கர்களை மட்டும் சித்தி துடைத்துத் துடைத்துப் புதுசு போல வைத்திருக்கிறார். ஒன்றின் மேல் பூச்சாடி.

அவர் கேட்ட பெட்டிக்கு இன்று கடையில் ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபையர் என்று பெயர். முன்பு மூன்று அடுக்கில் நடந்த வேலை இப்போது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்கூட இல்லாத ஒரே பெட்டிக்குள் நடக்கிறது. வைஃபை வழியாக இணையத்திலிருந்து பாட்டை எடுப்பது முதல் வேலை. அங்கிருந்து வருவது வெறும் எண்கள். அந்த எண்களை மின் அலையாக மாற்றுவது இரண்டாவது வேலை. அதைச் செய்யும் சிப்பை டாக் என்பார்கள். அந்த அலை மிகச் சின்னது, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைக்கும் வலு அதற்குக் கிடையாது. அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கரைத் தள்ளுவது மூன்றாவது வேலை, ஆம்ப்ளிஃபையர் என்ற பெயரே அதற்குத்தான்.

பெரிதாக்குவது என்றால் என்ன என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. பேச்சிப்பாறை அணையில் மடையைத் திருப்புகிற கை சின்னது, பாய்கிற தண்ணீர் பெரிது. கை அசைகிறபடிதான் தண்ணீர் கூடும் குறையும், ஆனால் தண்ணீரின் வேகம் கையிலிருந்து வருவதில்லை. பாட்டின் சின்ன அலை அந்தக் கை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் கரண்ட் அணைத் தண்ணீர். ஆம்ப்ளிஃபையர் என்பது மடை.

வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் இந்தப் பெட்டியைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை வாட், எந்த கம்பெனி, என்ன விலை என்று. நான் சித்தப்பாவிடம் சொன்னது வேறு. பெட்டியைக் கடைசியாகப் பார்ப்போம், அது நடுவில் இருப்பது. அதன் ஒரு முனையில் உங்கள் ஃபோன், மறு முனையில் ஸ்பீக்கரும் அறையும். இரண்டு முனையையும் பார்த்துவிட்டால் எந்தப் பெட்டி என்பது கிட்டத்தட்ட தானாகவே முடிவாகிவிடும்.

ஃபோன் முனை

“சித்தப்பா, பாட்டு எதுல கேக்கிய?” என்று கேட்டேன். யூடியூபில் என்றார். ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் எதுவும் இல்லை, சாதா யூடியூப். இந்த ஒரு பதில் எவ்வளவு முக்கியம் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ப்ளூடூத் கதை.

நான் முதலில் வாங்கியது ஆன்லைனில் வந்த ஒரு சின்ன ப்ளூடூத் ஆம்ப்ளிஃபையர். விலை குறைவு, சத்தமும் மோசமில்லை. வீடு பால் காய்ச்சும் நாளன்று காலையில் நாதஸ்வரம் போட்டுவிட்டு ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வருகிற நேரம் பார்த்து யாரோ அழைத்தார்கள். நாதஸ்வரம் நின்று, என் ஃபோன் மணி இரண்டு ஸ்பீக்கரிலும் அலறியது. பதறி எடுத்தால், “சார், லோன் எதுவும் தேவைப்படுதா?” என்று ஒரு பெண் குரல் வீடு முழுக்க ஒலித்தது. அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்றும் என்னைக் கண்டால் லோன் கேட்கிறார்கள்.

அது அந்தப் பெட்டியின் குறை இல்லை, ப்ளூடூத்தின் இயல்பு. ப்ளூடூத்தில் பாட்டைக் கையில் சுமப்பது ஃபோன். இணையத்திலிருந்து வாங்கி, இன்னொரு முறை சுருக்கி, காற்றில் பெட்டிக்கு அனுப்புகிறது. ஃபோனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனால் பாட்டு விட்டு விட்டு வரும். அழைப்பு வந்தால் நிற்கும். சார்ஜ் போனால் அதோடு சரி.

வைஃபை வழியில் நடப்பது வேறு. ஃபோனில் பாட்டைத் தொட்டதும் ஃபோன் பெட்டியிடம், “இந்தப் பாட்டு, இந்த இடத்தில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்” என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறது. பெட்டி தானே இணையத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளும். ஃபோன் வெறும் ரிமோட். நீங்கள் மார்த்தாண்டம் சந்தைக்குப் புறப்பட்டுப் போனாலும் வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பாட்டிஃபை கனெக்ட், கூகுள் காஸ்ட் இரண்டும் இப்படி வேலை செய்பவை. ஆப்பிளின் ஏர்ப்ளே இந்த இரண்டு வழிக்கும் நடுவில் நிற்பது. அதில் பெரும்பாலும் ஐஃபோனே வைஃபையில் பாட்டை அனுப்பும், ஆனால் அழைப்பு வந்தால் மணிச்சத்தம் ஸ்பீக்கரில் வராது, தரமும் ப்ளூடூத்தைவிட மேல்.

இங்கேதான் பலரும் காசை விடுகிறார்கள். எல்லாப் பெட்டியும் எல்லா வழியையும் ஏற்பதில்லை. சோனோஸ் பெட்டிகளில் ஏர்ப்ளே உண்டு, கூகுள் காஸ்ட் கிடையாது. 2023இல் வந்த வீம் ஆம்ப் என்ற பெட்டியில் இரண்டும் உண்டு, ஆனால் அதே கம்பெனி பிறகு கொண்டுவந்த வீம் ஆம்ப் ப்ரோவில் ஏர்ப்ளே இல்லை. விலை கூடினால் வசதியும் கூடும் என்று நினைத்து ஐஃபோன்காரர் பெரியதை வாங்கினால் ஏமாந்து போவார். அதனால் வீட்டில் இருப்பது ஆண்ட்ராய்டா ஐஃபோனா, பாட்டுக்கு எந்த ஆப், இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பெட்டியின் விவரப் பக்கத்தில் அந்தப் பெயர்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘ஸ்மார்ட்’, ‘வயர்லெஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் வெறும் ப்ளூடூத்தாகத்தான் இருக்கும்.

இப்போது சித்தப்பாவின் யூடியூபுக்கு வருவோம். யூடியூப் மியூசிக் என்ற தனி ஆப்பிலிருந்து கூகுள் காஸ்ட் உள்ள ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டை அனுப்பலாம். படம் ஓடும் சாதா யூடியூப் ஆப் அப்படி இல்லை. திரை இல்லாத பெட்டியை அது கணக்கில் எடுத்துக்கொள்ளாது, காஸ்ட் பட்டனை அழுத்தினால் பட்டியலில் டிவி மட்டும் வரும். கல்யாண வீட்டுக் கச்சேரி, வில்லுப்பாட்டு, கிறிஸ்தவக் கன்வென்ஷன் பாட்டு என்று சித்தப்பா கேட்பதெல்லாம் யாரோ ஒருவர் வீடியோவாக ஏற்றியவை. அவை பாட்டு ஆப்களில் பெரும்பாலும் கிடைக்காது.

அப்படியானால் வழி டிவிதான். யூடியூபை டிவியில் போட்டு, டிவியின் சத்தத்தை ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு எச்டிஎம்ஐ ஏஆர்சி என்ற வசதி இருக்கிறது. டிவியின் பின்னால் எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் பக்கத்தில் சின்னதாக ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று அச்சடித்திருப்பார்கள். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4இலிருந்து இது இருக்கிறது, ஆகவே ரொம்பப் பழைய எல்ஈடி டிவியைத் தவிர மற்றவற்றில் இருக்கும். பொதுவாக டிவிக்குள் போவதற்குத்தான் எச்டிஎம்ஐ. இந்த ஒரு துளையில் மட்டும் சத்தம் திரும்பி வெளியேயும் வரும். டிவி ரிமோட்டிலேயே ஆம்ப்ளிஃபையரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். எழுபது வயதுக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு சின்ன எச்சரிக்கை. மாட்டியும் சத்தம் வரவில்லை என்றால் டிவியின் ஒலி அமைப்புக்குள் போய், டிஜிட்டல் வெளியீடு என்ற இடத்தில் ‘பிசிஎம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். டால்பியில் அனுப்பினால் பல எளிய இரட்டை ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் புரியாது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப்படும் பெட்டிகளில் பாதி இந்த ஒரு அமைப்பை மாற்றாததால்தான் போகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தரம் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். சிடி தரம் என்பது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளப்பது, முறைக்கு 16 பிட், இரண்டு பக்கம். மனிதக் காது கேட்கும் அளவுக்கு அதுவே போதும். வயது கூடக் கூட உச்ச ஒலிகள் காதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றும் போகும். 192 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் என்று பெட்டியில் தங்க எழுத்தில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். டேட்டா கணக்கு வேண்டுமானால்: ஸ்பாட்டிஃபையில் 320 கிலோபிட் என்ற அளவில் ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி ஆகும். நாளுக்கு நான்கு மணி நேரம் கேட்டாலும் மாதம் 17 ஜிபி. வீட்டில் ஃபைபர் இருந்தால் இது ஒன்றுமே இல்லை.

ஸ்பீக்கர் முனை

என் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கொடை, திருவிழா, பெருநாள் என்று தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டத்தான் சின்ன வயதில் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அதனால் வாட் கணக்கு எனக்குத் தமிழ் எழுத்தோடு சேர்ந்து வந்தது. சித்தப்பாவின் பழைய செட்டின் முகப்பில் பெரிய எண் போட்டு, பக்கத்தில் பிஎம்பிஓ என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. அந்தக் காலத்து எல்லா செட்டிலும் இருந்தது. ஒரு கண நேரத்துக்கு வரக்கூடும் என்று கற்பனையாகப் போட்ட கணக்கு அது. அதற்கும் நிஜத்துக்கும் சம்பந்தமில்லை. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் என்று எழுதியிருக்கும் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய பலம்.

பிஎம்பிஓ போய்விட்டது, பொய் போகவில்லை. என்னுடைய அந்த லோன் ஆம்ப்ளிஃபையரின் அட்டையில் ‘100 வாட் + 100 வாட்’ என்று இருந்தது. கூட வந்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன்: 12 வோல்ட், 3 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 36. உள்ளே போவதே 36 வாட், வெளியே 200 எப்படி வரும்? ஓடையில் வருகிற தண்ணீர்தானே மடையில் பாய முடியும். தனி அடாப்டருடன் வரும் எந்தப் பெட்டிக்கும் இந்தப் பெருக்கலைக் கடையில் நின்றபடியே போட்டுப் பார்க்கலாம்.

சரி, எத்தனை வாட்தான் வேண்டும்? நினைப்பதைவிட மிகக் குறைவு. ஸ்பீக்கரின் விவரத்தில் உணர்திறன் என்று ஒரு எண் இருக்கும், உதாரணமாக 86 டெசிபல். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று அர்த்தம். 86 டெசிபல் என்பது பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டிய சத்தம். ஒரே ஒரு வாட்டில்! பத்து வாட் கொடுத்தால் 96. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல், காதுக்கு ‘கொஞ்சம் கூடினது போல இருக்கு’ என்று தோன்றும் அளவுதான். அதனால் 50 வாட் பெட்டிக்கும் 100 வாட் பெட்டிக்கும் இடையில் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால், 50ஐ வாங்கிவிட்டு மிச்சக் காசை நல்ல ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். வீட்டுக்குள் குழாய் கட்டப் போவதில்லையே.

அடுத்து ஓம், அதாவது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. ஸ்பீக்கரின் பின்னால் 4, 6, 8 என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஓம் குறைந்தால் ஸ்பீக்கர் கூடுதல் கரண்ட் இழுக்கும். பெட்டியில் ‘4 முதல் 8 ஓம்’ என்று போட்டிருந்தால் மூன்றும் பொருந்தும், யோசிக்கவே வேண்டாம். விளம்பரத்தில் 120 வாட் என்று பார்த்தால் அது 4 ஓமுக்கா 8 ஓமுக்கா என்று மட்டும் கேளுங்கள். வீம் ஆம்ப் 4 ஓமில் 120 வாட், 8 ஓமில் 60 வாட். இரண்டும் உண்மைதான், விளம்பரத்தில் பெரிய எண்ணைத்தான் போடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தக்கலைக்குப் போனேன். பூச்சாடியை இறக்கி வைத்துவிட்டு ஸ்பீக்கரைத் திருப்பினோம். 6 ஓம் என்று இருந்தது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு ஜோடி வயர் மட்டும் வந்தது, அது நல்ல செய்தி. அந்தக் காலத்துச் சில செட்களில் ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஜோடி வயர் இருக்கும். அடிச்சத்தத்தையும் கீச்சுச் சத்தத்தையும் செட்டே பிரித்துத் தனித்தனியாக அனுப்பும் அமைப்பு அது. அப்படிப்பட்ட ஸ்பீக்கரைப் புது ஆம்ப்ளிஃபையரில் மாட்ட முயல வேண்டாம், விட்டுவிடுங்கள். பிறகு முன்வலையைக் கழற்றி, காகிதக் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தோம். ஃபோம் விளிம்பாக இருந்தால் இத்தனை வருடத்தில் அப்பளம் போல உதிர்ந்திருக்கும். இவருடையது துணி விளிம்பு, தப்பித்தது. புதிதாக வாங்குகிறவர்கள் ரப்பர் விளிம்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் பால் வெட்டுகிற ஊரில் இருந்துகொண்டு ஃபோமுக்குக் காசு கொடுப்பானேன்?

அப்புறம் அப்பா செய்து காட்டிய பழைய வித்தை. சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து, ஸ்பீக்கர் வயரின் இரண்டு நுனியையும் அதன் இரண்டு முனையிலும் ஒரு நொடி மட்டும் தொட வேண்டும். ‘டப்’ என்று ஒரு சத்தம் வந்தால் ஸ்பீக்கரின் உயிர் இருக்கிறது. கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் ஸ்பீக்கரின் பிளஸ். அதில் ஒரு துண்டு சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.

இந்த பிளஸ், மைனஸை அலட்சியமாக எடுக்காதீர்கள். பெட்டி வந்து மாட்டிய அன்று சித்தப்பா அவசரத்தில் ஒரு பக்கத்து வயரைத் தாமே செருகிவிட்டார். டிவியில் வில்லுப்பாட்டு போட்டோம். பாடுகிறவர் குரல் சரியாக இருந்தது, உடுக்கை பளிச்சென்று வந்தது, வில்லின் மணிகள் தெளிவாகக் கேட்டன. ஆனால் குடம் எங்கே? குடத்தின் வாயில் தட்டும்போது நெஞ்சில் வந்து விழும் அந்தத் ‘தும்’ காணோம். தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம்தான். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. கனத்த ஒலிகளை இரண்டும் சேர்ந்து தமக்குள்ளேயே அழித்துவிடும். இடது பக்க வயரை மட்டும் மாற்றிச் செருகியதும் குடம் அறைக்குள் வந்து உட்கார்ந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினார். வில்லுப்பாட்டு பிறந்து வளர்ந்த மண் நமக்கு. பாஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது.

வயரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்பீக்கர் வயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. ஐந்தாறு மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம். ஆனால் செம்பு செம்பாக இருக்க வேண்டும். வெட்டிய நுனியில் ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. கடற்கரைப் பக்கம் அது சீக்கிரம் போய்விடும். நல்ல செம்பும் உப்புக் காற்றுக்கு முழுக்கத் தப்பாது. முட்டத்தில் ஒரு நண்பர் வீட்டில், இரண்டு வருடத்துக்கு முன் நானே மாட்டிக் கொடுத்த வயரின் நுனி பாசி பிடித்த மாதிரி பச்சையாகிக் கிடந்தது. ஒரு அங்குலம் வெட்டிவிட்டு, புது நுனியை முறுக்கிச் செருகியதும் சத்தம் திரும்பியது. கடல் தெரிகிற வீட்டுக்காரர்கள் வருடம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். வயர் நுனியில் பனானா பிளக் என்ற முனையைப் போட்டால் வெளியே தெரியும் செம்பு குறையும்.

அறையும் ஊரும்

சித்தப்பா வீட்டு முன்னறை புதிதாகக் கட்டியது. வழுவழுப்பான டைல்ஸ் தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி ஷோகேஸ், மேலே கான்கிரீட். நடுவில் நின்று ஒரு கை தட்டினேன், ‘ட்ரிங்’ என்று அறை திருப்பிக் கொடுத்தது. இப்படிப்பட்ட அறையில் எவ்வளவு விலையுள்ள பெட்டியை வைத்தாலும் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பின்கட்டு பழைய ஓட்டு வீடு. மரத் தட்டு, கனத்த சுவர், கயிற்றுக் கட்டில், துணி மூட்டைகள். அங்கே கை தட்டினால் தட்டியதோடு சரி. பாட்டு கேட்க அதுதான் நல்ல அறை, ஆனால் டிவி முன்னறையில் இருக்கிறது. ஆகவே ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலையும் தரைக்கு ஒரு ஜமுக்காளமும் போடச் சொன்னேன். பெட்டிக்குச் செலவழித்ததைவிட அந்த ஜமுக்காளம் செய்த மாற்றம் அதிகம். சில பெட்டிகளில் ஃபோனின் மைக் வழியாக அறையைக் கேட்டு ஒலியைச் சரிசெய்யும் வசதி உண்டு. நல்லதுதான், எதிரொலியை மட்டும் அதனால் துடைத்துவிட முடியாது.

பழைய வீட்டுக் கனத்த சுவருக்கு இன்னொரு குணம், வைஃபையை விடாது. ரவுட்டர் ஒரு அறையிலும் பெட்டி இரண்டு சுவர் தள்ளியும் இருந்தால் ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 நன்றாக எட்டும். ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு லான் வயர் இழுத்தால் தொல்லையே இல்லை. ஆனால் நம் மாவட்டத்தில் அதற்கு ஒரு ‘ஆனால்’ உண்டு.

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஐப்பசி மாலைகளில் மலைப்பக்கமிருந்து இடி இறங்கி வந்தால் என்ன ஆகும் என்று குலசேகரம், திற்பரப்பு பக்கத்தவர்களிடம் கேட்டால் தெரியும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்னல் வராது. ஆனால் மோடத்தின் அடாப்டர் சுவரில்தான் இருக்கிறது. அங்கே பாய்ந்தால் லான் வயர் வழியே ஆம்ப்ளிஃபையருக்கும் வரும். நான் வைஃபையைத்தான் விரும்புகிறேன், பாதி காரணம் இடி. லான் போட்டிருந்தால், மேகம் இருண்டதும் மின் பிளக்கோடு அந்த வயரையும் உருவிவிடுங்கள். எச்டிஎம்ஐயும் அப்படித்தான், கேபிள் டிவி வயர் டிவியில் மாட்டியிருக்கிறதே. சர்ஜ் பாதுகாப்புப் பலகை திடீரென்று ஒரு கணம் எகிறும் வோல்டேஜுக்கு உதவும். பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தால் அதை நம்பாதீர்கள்.

இன்றைய சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது கிளாஸ் டி என்ற வகை. போகிற கரண்டில் சுமார் 90 சதவீதம் ஸ்பீக்கருக்கே போகும். பழைய கிளாஸ் ஏபி வகையில் பாதிக்குப் பாதி சூடாகிப் போகும். ‘கிளாஸ் டி-யில் உயிர் இல்லை’ என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. ஒரு காலத்தில் அது சரியாக இருந்திருக்கலாம். இப்போது கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் என்னால் பிரிக்க முடியவில்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டரிலும் இது லேசாக ஓடும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருந்தால் நல்லது, ஸ்கொயர் வேவில் சில பெட்டிகள் ‘ம்ம்ம்’ என்று முனகும். ரவுட்டரையும் அதே இன்வெர்ட்டரில் போட மறக்காதீர்கள். பெட்டிக்குக் கரண்ட் இருந்து ரவுட்டருக்கு இல்லாவிட்டால் பாட்டு எங்கிருந்து வரும்?

இனி பெட்டி

இவ்வளவுக்குப் பிறகும் சிலருக்கு ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபையரே தேவைப்படாது. வீட்டு ஸ்பீக்கர் நேரடியாகச் சுவர் பிளக்கில் மாட்டும் வகையாக இருந்தால் ஆம்ப்ளிஃபையர் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. அப்பா காலத்து காஸ்மிக்கோ சோனோடைனோ ஆம்ப்ளிஃபையர் இன்னும் ஓடுகிறது என்றாலும் அப்படித்தான். வெளிச் சத்தத்தை உள்ளே வாங்கும் ஆக்ஸ் துளையில் மாட்ட, இணையப் பாட்டை எடுத்துத் தரும் சின்ன ஸ்ட்ரீமர் ஒன்று போதும், விலை மிகக் குறைவு. பழைய ஆம்ப்ளிஃபையரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

முழுப் பெட்டிதான் வேண்டும் என்றால், எளிய பக்கத்தில் வீம் ஆம்ப், வெளிவந்தபோது அமெரிக்காவில் 299 டாலர். சோனோஸ் ஆம்ப் 8 ஓமில் 125 வாட், விலை அதன் இரட்டிப்புக்கும் மேல், வீட்டில் அந்தக் குடும்பத்து ஸ்பீக்கர்கள் ஏற்கெனவே இருப்பவர்களுக்குப் பொருத்தம். அதற்கு மேலே ப்ளூசவுண்ட், மரான்ட்ஸ், நெய்ம் என்று ஏணி போய்க்கொண்டே இருக்கும். மேலே ஏற ஏற அழகும் கட்டுமானமும் கூடும். முதல் பெட்டி வாங்குபவர் அந்த ஏணியின் இரண்டாம் படியைத் தாண்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டியில் கையால் திருகும் குமிழும், ஆக்ஸ் அல்லது ஆப்டிகல் துளையும் இருக்கட்டும். இணையத்தை நம்பி இருக்கும் பொருள் இது. 2025 மார்ச்சில் கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற கருவி உலகம் முழுக்க ஒரே நாளில் வேலை செய்யாமல் போனது. உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழின் தேதி முடிந்துவிட்டதுதான் காரணம். சில நாட்களில் சரிசெய்தார்கள். அப்படி ஒரு நாள் வந்தாலும் ஒரு வயரைச் செருகிப் பாட்டு கேட்க முடிய வேண்டும். சவூதியிலிருந்து வந்த ஸ்பீக்கருக்கு முப்பது வயது. அதன் பக்கத்தில் உட்காரும் பெட்டி ஐந்து வருடத்தில் செங்கல்லாகிவிடக் கூடாது.

சித்தப்பாவுக்கு ஏஆர்சி, காஸ்ட், குமிழ், 6 ஓமைத் தாங்கும் 60 வாட் என்று கேட்டதெல்லாம் இருக்கிற ஒரு சின்னப் பெட்டி வந்தது. டிவிக்கு ஒரு வயர், ஸ்பீக்கருக்கு இரண்டு, சுவருக்கு ஒன்று. எல்லாம் ஷோகேஸுக்குப் பின்னால் போய்விட்டன, காலில் தட்டவில்லை. ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒரு அடி முன்னே இழுத்து, அவர் சாய்வு நாற்காலியைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். நாற்காலிக்கும் இரண்டு ஸ்பீக்கருக்கும் கிட்டத்தட்ட ஒரே தூரம்.

எல்லாம் முடிந்து காப்பி குடிக்கும்போது சித்தி பூச்சாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “இத இனி எங்க வைக்க மக்கா? இந்தக் குட்டிப் பெட்டி மேல வச்சா நல்லா இருக்கும்லா?”

பெட்டியின் மேல் பக்கம் சூடு போக வரிசையாகத் துளைகள் இருந்தன. பூச்சாடியில் தண்ணீர் இருந்தது. டிவி ஸ்டாண்டின் அந்த ஓரத்தைக் காட்டினேன்.